இது எந்தச் சாமி?

புதிதாக ஓர் உலகத்தைக் கட்டி, அதற்குள் நாலைந்து சமயங்களையும் உண்டாக்கி நாவல் எழுதி முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதைத் தமிழ் வாசகர் ஒருவர் கையில் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, “இதுல யாரைச் சொல்றீங்க?” உப்பை வணங்கும் கூட்டம் யார், கிணற்றை வணங்குகிறவர்கள் யார், அந்தப் பேராசைக்காரப் பூசாரி எந்த மடத்துக்காரர் என்று பொருத்திப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். குற்றம் அவர்மேல் இல்லை. நம் ஊரில் சமயம் ஒருவருடைய பெயரில் தெரியும், நெற்றியில் தெரியும், இலையில் என்ன பரிமாறுகிறார்கள் என்பதில் தெரியும். பார்த்த மாத்திரத்தில் ஆளைக் கண்டுபிடித்துப் பழகிய கண் கதைக்குள்ளும் அதைத்தான் செய்யும்.

இந்தப் பொருத்தும் வேலையை வாசகர் பத்துப் பக்கத்துக்குள் கைவிட வேண்டும். கைவிட்டால் அவர் உங்கள் வாசகர். கடைசிவரை கைவிடவில்லை என்றால், கதையை ரசித்தாலும்கூட, யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டார். “ஏதோ உள்குத்து இருக்கு” என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆகவே வாசகர் தேடும் வேலை விளம்பரத்துக்கு வெகு முன்னால், பிரதியைச் சோதிக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

யாரைத் தேடுவது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். ‘ஃபேன்டஸி வாசகர்’ என்ற பெயரில் தேடினால் கிடைப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வகையை ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள். தமிழில் எழுதினால் வாழ்த்துவார்கள். வாசிப்பதைத் தள்ளிப் போடுவார்கள். கூட்டம் இருக்கும் இடம் வேறு. சரித்திர நாவல் வாசகர்கள் ஐந்து பாகம் என்றாலும் அசர மாட்டார்கள், ஐம்பது பாத்திரங்களின் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள், சைவரோடு தடியெடுத்து மல்லுக்கு நிற்கும் வைணவ ஒற்றனை மூன்று தலைமுறையாக ரசித்துவருகிறார்கள். சமயச் சண்டை கதையை நகர்த்தும் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தது குலதெய்வக் கதைகள், நாட்டார் வழக்காறு ஆகியவற்றை விரும்பி வாசிப்பவர்கள். அநியாயமாகச் செத்தவர் எப்படித் தெய்வமாகிறார் என்பது இவர்களுக்கு அத்துப்படி. ஒரு சமயம் எப்படிப் பிறக்கிறது என்று எழுதியிருந்தால் அதை இவர்களைவிடக் கூர்மையாக மதிப்பிடுவதற்கு ஆளில்லை. மூன்றாவது, அமானுஷ்யத் தொடர் வாசகர்கள். ‘இந்தக் கதவை ஏன் திறக்கக்கூடாது’ என்பதுதான் இவர்களுக்கான தூண்டில். உங்கள் சமயத்தில் ஒரு விலக்கு இருந்து, அதை மீறினால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தால் வந்துவிடுவார்கள். குடும்ப நாவல் வாசகரையும் ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு சமயத்துக்கு நடுவே ஒரு கல்யாணம் இருந்தால் அவருக்கு அது போதும், உலகம் கற்பனையா நிஜமா என்பதில் அவருக்கு அக்கறையில்லை.

இனி பீட்டா ரீடர் விஷயம். வெளியிடுவதற்கு முன் பிரதியை வாசித்துக் கருத்துச் சொல்பவர்தான் பீட்டா ரீடர். முதல் சுற்றுக்கு ஏழு பேர் போதும். அதற்குப் பதினைந்து பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும். சரி என்று சொல்பவர்களில் பாதிப்பேர் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு பேரில் இருவர் சரித்திர நாவல் வாசகர், ஒருவர் ஆங்கில ஃபேன்டஸியில் ஊறியவர், ஒருவர் தினமும் வழிபாடு செய்யும் பக்தர், ஒருவர் கடவுள் மறுப்பாளர். மீதி இருவர் உங்கள் சமயத்திலோ சாதியிலோ வளராதவர்களாக இருக்கட்டும். இந்தக் கடைசி இருவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எழுதுபவர் ஒரு வீட்டில் வளர்ந்திருப்பார். அந்த வீட்டின் பூசை அறையோ ஜெபக்கூட்டமோ அவருக்கே தெரியாமல் ‘இயல்பான சமயம்’ என்ற அச்சாகப் படிந்திருக்கும். அவர் கற்பனை செய்யும் ஐந்து சமயங்களும் அந்த அச்சில் வார்த்தவையாக இருக்கும். அதே வீட்டுச் சூழலில் வளர்ந்த வாசகருக்கு இது கண்ணில் படாது.

முழு நாவலையும் கொடுக்காதீர்கள். முதல் மூன்று அத்தியாயம், கூடிப்போனால் எட்டாயிரம் சொல், பத்து நாள் கெடு. ஒருவர் புதுக்கண்ணோடு வாசிப்பது ஒரே ஒரு தடவைதான். திருத்திய பிரதியை அவரிடமே கொடுத்தால் முதல் சுற்றில் அவருக்குப் புரிந்ததை வைத்து இரண்டாவதையும் நிரப்பிக்கொள்வார், எல்லாம் தெளிவாக இருப்பதாகச் சொல்வார். இரண்டாம் சுற்றுக்கு வேறு நாலைந்து பேர் வேண்டும். அதற்காகவே முதல் சுற்றில் ஆளை விரயம் செய்யக்கூடாது.

அனுப்பும் விதத்திலும் கவனம் தேவை. கூகுள் டாக்ஸில் கருத்துரை எழுதச் சொன்னால் கணினி முன்னால் உட்காருபவர்கள் மட்டுமே எழுதுவார்கள். பெரும்பாலோர் வாசிப்பது கைப்பேசியில். ஏ5 அளவுப் பக்கம், எழுத்து 14 புள்ளி, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் எண் போட்டு பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ‘முப்பத்திரண்டாம் பத்தியில தூக்கம் வந்துடுச்சு’ என்று குரல் பதிவில் சொல்ல அவருக்கு வசதியாக இருக்கும். எழுத்தில் மரியாதைக்காக மழுப்புகிறவர்கூடக் குரலில் உண்மையைச் சொல்லிவிடுவார். எதைச் சொல்லத் தயங்குகிறார் என்பதும் அதில் கேட்கும்.

“பிடிச்சிருந்ததா?” என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் பிடித்திருந்தது என்பார்கள். பிரதியை மூடிவைத்துவிட்டு, யார் எதை வணங்குகிறார்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு சமயமும் நிஜத்தில் எதை நினைவூட்டியது, எந்தச் சொல்லில் அந்த நினைப்பு வந்தது என்று கேளுங்கள். எழுதியவர் எந்தச் சமயத்தின் பக்கம் சாய்கிறார் என்று கேளுங்கள். எந்தப் பத்தியைத் தாண்டிப் போனார் என்பதையும் கேளுங்கள். ‘தாண்டினால் தப்பில்லை’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம். கடைசியாக, இந்த உலகத்தில் பிறந்தால் எந்தச் சமயத்தில் பிறக்க விரும்புவார், எதில் பிறக்கப் பயப்படுவார் என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே சமயத்தைச் சொன்னால் மற்றவை வெறும் பின்திரையாகத்தான் நிற்கின்றன.

பதில்களைப் படிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர் மட்டும் “இது கிறிஸ்தவம் மாதிரி இருக்கு” என்றால் அது அவருடைய நினைவு, விட்டுவிடலாம். மூன்று பேர் ஒன்றையே சொன்னால் காரணம் பிரதியில் இருக்கிறது. அப்போது சமயத்தின் கோட்பாட்டை மாற்றக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்தச் சொல் சங்கதி தமிழுக்கே உரிய தலைவலி, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. தமிழில் சமயச் சொற்கள் பல, தொடக்கத்தில் பொதுவாக இருந்து பின்னர் ஒரு பக்கம் சாய்ந்தவை. தொழுகை என்பது யாரும் யாரையும் தொழுவதற்கான சொல். இன்று காதில் விழுந்ததும் பள்ளிவாசல்தான் நினைவுக்கு வரும். பள்ளி என்ற சொல் சமண, பௌத்தத் துறவிகள் இருந்த இடத்தைக் குறித்தது. பிறகு படிக்கும் இடமாகி, முஸ்லிம்களின் பேச்சில் மசூதியாகவும் ஆகியிருக்கிறது. ஊழியம் என்றால் சேவை, ஆனால் ‘அவர் ஊழியம் செய்கிறார்’ என்றால் கிறிஸ்தவப் பணி. ஜெபம், சபை, மேய்ப்பர், ஆண்டவர் எல்லாம் அந்தப் பக்கம். அர்ச்சனை, பிரசாதம், குருக்கள், அபிஷேகம் எல்லாம் இந்தப் பக்கம். அபிஷேகத்தில் ஒரு வேடிக்கை உண்டு: இந்துக் கோயிலுக்கும் அது சொந்தம், பெந்தெகொஸ்தே மேடைக்கும் சொந்தம், வாசகர் எங்கே வளர்ந்தார் என்பதைப் பொறுத்து வேறு வேறு படம் வரும். கடல்காற்று வீசும் கற்பனைத் துறைமுகத்தில் ‘சபை கூடியது, மேய்ப்பர் எழுந்தார்’ என்று எழுதிவிட்டு, இதற்கும் கிறிஸ்தவத்துக்கும் தொடர்பில்லை என்று முன்னுரையில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பப் போவதில்லை.

தனித்தமிழில் எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். அதற்கும் ஒரு சாயல் உண்டு. ‘திருநெறி’, ‘அடிகள்’, ‘திருமுறை’ என்று போனால் சைவ மடம் வந்து உட்காரும். வடசொல் நிறைந்த நடை வேறோர் இடத்துக்கு இழுத்துச் செல்லும்.

எளிதாகக் கை கொடுப்பவை, நம் ஊரின் நிஜச் சமயங்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்ட சொற்கள். கொடியேற்றம் சிவன் கோயிலிலும் உண்டு, வேளாங்கண்ணியிலும் உண்டு, நாகூர் கந்தூரியிலும் உண்டு. மொட்டை போடுவதும் இந்த மூன்று இடத்திலும் நடக்கிறது. நோன்பு மார்கழியிலும் இருக்கிறது, ரமலானிலும் இருக்கிறது, சமணர் வீட்டிலும் இருக்கிறது. தேர், நேர்த்திக்கடன், காணிக்கை, விளக்கு, படையல் இவையும் ஏறக்குறைய அப்படியே. இவற்றை வைத்து எழுதினால் வாசகருக்குப் பழகிய வாசம் வரும், ஆனால் ஒரு முகவரி கிடைக்காது. பொருத்திப் பார்ப்பவர் மூன்று இடத்துக்கும் அலைந்துவிட்டுத் தானாக நிறுத்திக்கொள்வார்.

சமயத் தலைவர்களுக்குப் பெயர் வைக்க ஒரு வழி: அந்த ஆள் கையால் என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். இறந்தவரைப் புதைக்காமல் எரிக்காமல் உப்பில் கிடத்தும் சமயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே இறந்தவரின் வயதுக்கு ஏற்ப உப்பை அளந்து கொட்டுகிறவர்தான் தலைவர். அவரைப் பூசாரி என்றோ குரு என்றோ சொல்லத் தேவையில்லை, ‘படியளப்பார்’ என்றால் போதும். கடவுள் படியளக்கிறார் என்று நாம் பேச்சில் சொல்வதால் சொல்லுக்குக் கனமும் கிடைக்கிறது, எந்த நிஜச் சமயத்தின் பதவியும் அதில் இல்லை. கிணற்றை வணங்குபவர்களிடையே ‘கயிற்றுக்காரி’ இருக்கலாம். இதே முறையில் வழிபாட்டிடத்துக்கும் பெயர் வரும்: உப்படி, கிணற்றுமேடை. ஆனால் ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தக் கிணற்றுக்காரர்களை ‘ஏழுகிணற்றார்’ என்று அழைத்தால் சென்னை வாசகர் ஜார்ஜ் டவுனின் ஏழுகிணறு பகுதிக்குப் போய்விடுவார். பிறப்பையே கடனாகக் கருதும் சமயத்தில் விடியற்காலை வழிபாட்டுக்குக் ‘காலைக்கடன்’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தெய்வப் பெயர்களில் இன்னொரு சிக்கல், நம் எழுத்தே. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்தைப் பொறுத்து வேறு ஒலி பெறும். தெரிந்த சொல்லில் இது பிரச்சினையில்லை. நீங்கள் உண்டாக்கிய பெயரை வாசகர் இதற்கு முன் கேட்டதே இல்லை. ‘தகோன்’ என்று எழுதினால் நடுவில் வரும் ‘கோ’வை மெலிதாகத்தான் வாசிப்பார். அழுத்தமான ஒலி வேண்டுமென்றால் ‘தக்கோன்’ என்று இரட்டிக்க வேண்டும், அப்போது ‘தகுதியுடையவன்’ என்ற பொருள் வந்து நிற்கும். ஜ, ஷ, ஸ, ஹ போட்டால் ஒலி துல்லியமாகும், ஆனால் பெயர் வெளியூர்க்காரன் ஆகிவிடும். ஒரு சமயத்தை வெளியிலிருந்து வந்ததாகக் காட்ட விரும்பினால் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சமயத்துக்கும் ஓர் ஒலிவிதி வகுத்துக்கொள்வது நல்லது. ஒரு பக்கத்துப் பெயர்கள் எல்லாம் ஐகாரத்தில் முடியட்டும், இன்னொரு பக்கத்தில் மெல்லின மெய்யில் முடியட்டும். முக்கியமான பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கக்கூடாது. மாரை, மாகன், மாந்தை என்று மூன்று தெய்வம் இருந்தால், பிரதியை மூடிவைத்துச் சொல்லச் சொன்னதும் வாசகர் தடுமாறுவார்.

பல சமயம் வரும் கதை தமிழுக்குப் புதிதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் வஞ்சி மாநகரில் மாறுவேடத்தில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துச் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இன்று நாவல் எழுதுகிறவர் அந்தக் காதையைப் பாடமாக வாசிக்க வேண்டும். எது செய்யலாம், எது செய்யக்கூடாது என்ற இரண்டும் அதிலேயே இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து கொள்கை விளக்கம் தருகிற பகுதிகளைத் தத்துவ மாணவர் தவிர மற்றவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஆனால் கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்காத பூதவாதியிடம், உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்கும் இடத்தில் கதை உயிர்த்துவிடுகிறது. ஒரே கேள்விதான். கொள்கை ஒரு மனிதனுடைய வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

புனைசமயக் கதைகளில் வாசகர் நழுவும் இடம் பெரும்பாலும் படைப்புக் கதை சொல்லும் அத்தியாயம். ‘ஆதியில் இருள் இருந்தது’ என்று தொடங்கும் இரண்டு பக்கம். எழுதியவருக்கு அதுதான் செல்லம், வாசகருக்கு அது கட்டித் தீர்க்க வேண்டிய வரி. அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சமயத்துக்கும் மூன்று அன்றாட அடையாளம் கொடுங்கள்: எதன்மேல் சத்தியம் செய்கிறார்கள், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுகிறார்கள், எதைச் சாப்பிட மாட்டார்கள். உப்புநெறிக்காரர் துக்க வீட்டில் உப்பில்லாத கஞ்சி குடிக்கிறார். ‘உன்னை அளக்க ஒரு படி கிடைக்காமல் போக’ என்று திட்டுகிறார். பொய் சொல்லும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறார். இவ்வளவு தெரிந்தால் போதும், கோட்பாட்டை வாசகரே ஊகித்துக்கொள்வார். ஒரு காட்சியில் இரண்டு சமயத்துக்குமேல் அறிமுகம் வேண்டாம். அருஞ்சொற்பட்டியல் தேவை என்றால் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டால் பரீட்சைக்குப் படிக்கச் சொல்வது போலிருக்கும். பட்டியல் நாற்பது சொல்லைத் தாண்டினால் குறை பட்டியலில் இல்லை, கதையில் இருக்கிறது.

இன்னொரு குறை, எல்லாச் சமயத்திலும் நல்லவர் கெட்டவர் கலந்திருக்க ஒன்றில் மட்டும் எல்லோரும் கெட்டவர்களாக இருப்பது. அல்லது, பூசாரி என்றாலே அயோக்கியர், காட்டில் தனியாக வாழும் மூதாட்டி என்றாலே ஞானி. இரண்டாவதைத் தமிழ் வாசகர் நூறு சினிமாவில் பார்த்துவிட்டார். முதலாவது ஆபத்தானது. ஒரு சமயம் முழுக்கத் தீயது என்றால் ‘இது யார்’ என்ற கேள்வி திரும்ப எழும், இம்முறை கோபத்தோடு. மத உணர்வை வேண்டுமென்றே, தீய நோக்கோடு புண்படுத்துவதற்கான சட்டப்பிரிவு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சம்ஹிதையில் 299. கற்பனைச் சமயத்தைப் பற்றி எழுதியதாலேயே இது பாயாது, ஆனால் நிஜ மந்திரம் ஒன்றையோ நிஜச் சடங்கு ஒன்றையோ பெயர் மாற்றி ஒட்டிவிட்டு ‘கற்பனை’ என்று சொல்வது வேறு விஷயம். பீட்டா ரீடர்களில் பக்தர் ஒருவர் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். அவர் முகம் சுளிக்கும் இடம் எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதில்லை. ஏன் சுளித்தார் என்று தெரிந்துகொண்டு வைத்திருப்பதும் தெரியாமல் வைத்திருப்பதும் ஒன்றில்லை.

பிரதி தேறிவிட்டது. இனி வெளியே கொண்டுபோகும் வழி.

தொடராக வெளியிடுவதானால் பிரதிலிபி போன்ற தளத்தில் கூட்டம் இருக்கிறது. காதல், குடும்பம், திகில் ஆகியவற்றுக்கு வருகிற கூட்டம் அது என்பதை மறக்காமல் போக வேண்டும். தொடங்கும் முன்பே பத்து அத்தியாயம் கையிருப்பில் இருக்கட்டும். வாரம் இரண்டு, அதே கிழமை, அதே நேரம், அத்தியாயத்துக்கு 1200 முதல் 1500 சொல். பகுதிவாரியாக வாசிப்பு எண்ணிக்கை தெரிகிறது அல்லவா, அதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். முதல் பகுதியிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது விழும் விழுக்காடு எல்லோருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு எந்தப் பகுதியில் திடீரென்று சரிகிறதோ அதைத் திறந்து பாருங்கள். புதிய சமயம் ஒன்றைப் பற்றி யாரோ யாருக்கோ பாடம் நடத்திக்கொண்டிருப்பார்கள்.

பின்னூட்டத்தில் ‘இது எந்த மதம்?’ என்று ஒருவர் கேட்டால் விளக்கம் எழுதத் தொடங்காதீர்கள். நீங்கள் விளக்கினால் அது வாக்குமூலம். ‘உங்களுக்கு எதை நினைவுபடுத்தியது?’ என்று கேட்டால் மற்ற வாசகர்கள் சேர்ந்துகொள்வார்கள், ஆளுக்கொரு பதில் வரும். அத்தனை விதமான பதில் வருவதைப் பார்த்த பிறகு கேட்டவருக்கே அடுத்த கேள்வி வேறாகிவிடும்.

கிண்டில் வழி போவதானால் அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில் தமிழ் மின்னூலுக்கு இடமுண்டு. கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஏற்றினால் குப்பை எழுத்தாக வரும். மாற்றிவிட்டு ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் ஒருமுறை கண்ணால் பார்த்தாக வேண்டும், எழுத்துரு மாற்றும் மென்பொருள் எப்போதும் ஓரிரண்டைத் தின்னும். நீங்கள் உண்டாக்கிய பெயர்களைத்தான் அது முதலில் சிதைக்கும், அகராதியில் இல்லாததால் பிழைதிருத்தியும் காட்டிக்கொடுக்காது. பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபாருங்கள்.

கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூல் அமேசானுக்கு மட்டுமே. அந்தக் காலத்தில் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது, மாதிரிக்குப் பத்து விழுக்காடு வரை காட்டலாம். தொடராக வந்த கதையைத் தளத்திலிருந்து நீக்காமல் இதில் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள், வேண்டாம் என்றால் குறியை எடுத்துவிட வேண்டும். சேர்வதால் கிண்டில் அன்லிமிடெட் என்ற வாசிப்புச் சந்தாவில் இருப்பவர் வாசிக்கும் பக்கத்துக்குப் பணம் வரும், ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம், இந்திய விற்பனையில் 70 விழுக்காட்டு உரிமத்தொகையும் செலக்டில் இருந்தால்தான் கிடைக்கும், இல்லையேல் 35. பெயர் தெரியாத எழுத்தாளருக்கு, அதுவும் இந்த வகைக் கதைக்கு, சந்தா வாசகரே பெரிய வரவு. காசு கொடுத்து வாங்கி ஏமாற விரும்பாதவர், சந்தாவில் சும்மா பத்துப் பக்கம் புரட்டிப் பார்ப்பார். அந்த ஐந்து இலவச நாளையும் ஒரே மூச்சில் தீர்க்காமல், முதலில் இரண்டு நாள், இரண்டாம் பாகம் வரும்போது மூன்று நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேடிபியில் கீவேர்டுக்கு, அதாவது வாசகர் தேடும் சொல்லுக்கு, ஏழு கட்டம் இருக்கிறது. தமிழர் பலர் தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள், அதனால் நான்கையாவது அப்படி நிரப்புங்கள். ‘மதம்’, ‘தெய்வம்’ என்ற சொற்களைக் கீவேர்டில் போட்டால் ஸ்லோகப் புத்தகம் தேடுபவர் வந்து விழுவார். ஏமாந்து ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். சரித்திரம், மர்மம், மாயம், சாபம், துறைமுகம் என்று கதையின் பக்கம் நில்லுங்கள். விமர்சனத்துக்காகச் சொந்தக்காரரையும் நெருங்கிய நண்பரையும் எழுதச் சொல்வதை அமேசான் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். பிரதியை முன்கூட்டியே இலவசமாகக் கொடுக்கலாம், விமர்சனம் எழுதியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது.

பின்னட்டைக் குறிப்பில் ‘ஐந்து சமயங்கள், ஒரு தீர்க்கதரிசனம்’ என்று தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். எண்ணிக்கையால் யாரும் மயங்குவதில்லை. ஒரு விதி, அதில் மாட்டிக்கொண்ட ஓர் ஆள், இவ்வளவுதான் வேண்டும். ‘இறந்தவரை உப்பில் கிடத்த வயதுக்கு ஒரு படி. அப்பாவுக்கு அறுபத்திரண்டு. அவளிடம் இருப்பது பதினொன்று.’ இதில் எந்தச் சமயமும் விளக்கப்படவில்லை. ஆனால் அந்த மீதி ஐம்பத்தொரு படிக்கு அவள் எங்கே போவாள் என்று அறிய ஆசை வருகிறது. சரித்திர வாசகர் குழுவில் பகிரும்போது துறைமுகத்தையும் வணிகத்தையும் முன்வையுங்கள், அமானுஷ்யக் குழுவில் உப்பு போதாமல் போன பிணத்தை. நாவல் ஒன்றுதான், வாசல் வேறு.

அட்டையில் கோபுரம், சூலம், சிலுவை, பிறை சாயலில் எதுவும் வரக்கூடாது என்று ஓவியரிடம் முதலிலேயே எழுதிக் கொடுங்கள். ‘பழங்காலக் கோயில்’ என்று வாயால் சொன்னால் கோபுரம்தான் வரும். செயற்கை நுண்ணறிவு ஓவியக் கருவியும் அதையேதான் வரையும், கூடவே ஒரு நந்தியையும் சேர்த்துவிடும். உப்புக் குவியல், படி, கயிறு, கிணற்று விளிம்பு போன்ற கைப்பொருள் ஒன்றைப் பெரிதாகப் போட்டால் நிஜச் சமயம் எதுவும் உள்ளே நுழைய வழியில்லை.

அச்சில் போட நினைத்தால் முதலில் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு படிகள் போதும். 300 பக்க நாவலை முதலிலேயே ஆயிரம் படி அடித்துக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பதில் லாபமில்லை. ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஏதாவது ஒரு அரங்கில் வைக்க இடம் கிடைத்தால், போய் எந்த அடுக்கில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தலைப்பில் ‘தெய்வம்’ இருந்தால் ஆன்மிகத்துக்கு நடுவில், திருப்புகழுக்குப் பக்கத்தில் இருக்கும். அட்டையில் பறக்கும் மிருகம் இருந்தால் சிறுவர் பகுதியில் இருக்கும். அடுக்குபவருக்குத் தலைப்பும் அட்டையும்தான் தெரியும், உள்ளே வாசிக்க அவருக்கு நேரமில்லை. அதனால் பின்னட்டையின் மேல் மூலையில் ‘நாவல்’ என்று பெரிதாக அச்சிட்டுவிடுங்கள், முதுகிலும் போடுங்கள். அரங்கில் நிற்பவரிடம் ஒரே வரியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்: “சரித்திர நாவல் மாதிரி இருக்கும் சார், ஆனா ஊரு கற்பனை.” வாங்குபவர் அடுத்து என்ன கேட்பார் என்பது தெரிந்ததுதான். அந்தப் பதினோரு படி உப்பு வரும் பின்னட்டையை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.